நீல பாட்டிலில் புனித நீர்

சனிக்கிழமை காலை என் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். காரணம் — ஒரு பழைய பாட்டில். அதற்குப் பெயர் வைத்தவன் நான்!

போன மாதம் இதே பத்திரிகைப் பகுதியில் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜார்ஜ்டவுனில் எங்கள் கடைவீட்டின் பின்னால் சாக்கடைக்குத் தோண்டியபோது கிடைத்த நீலக் கண்ணாடி பாட்டில். ஆறு பட்டை. அதில் மூன்று பட்டைகளில் நெடுக வரிவரியாக மேடு. வார்ப்பு அச்சின் தழும்பு கழுத்தோடு நின்றுவிடுகிறது, கண்ணாடிக்குள் காற்றுக் குமிழ்கள்... ஆகவே நூறு வயதாவது இருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவ்வளவு அழகாக இருந்தால் பன்னீர் பாட்டில்தான் என்று தீர்ப்பும் எழுதினேன்.

ஜுரு என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அச்சு அசல் அதே பாட்டில். "உங்க பகுதியத் தவறாமப் படிப்பேன். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அண்ணே. பன்னீர் பாட்டில்தானே?"

"சந்தேகமே இல்லை அக்கா" என்று பதில் போட்டேன்.

சனிக்கிழமை கோமதி வந்தார். அகழாய்வில் வேலை செய்பவர். சாக்கடையில் கிடைத்த பீங்கான் சில்லுகளைப் பார்க்க அழைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்து, சீனக் கிண்ணம், இங்கிலாந்துத் தட்டு என்று பிரித்து வைத்தார். கடைசியில், மாதா சொரூபத்தின் பக்கத்திலிருந்த நீல பாட்டிலைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். என் மனைவி மேரி அதில் கோயில் புனித நீர் ஊற்றி வைத்திருந்தாள்.

கோமதி கண்ணை மூடிக்கொண்டு வரிகளைத் தடவினார். முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இந்த வரி அழகுக்கு இல்ல லா. இருட்டுல கை பட்டாலே தெரியணும்னு போட்டது. இது விஷ பாட்டில்."

மேரி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, அனிதாவுக்குக் காய்ச்சல்னு நேத்து ஒரு மூடி குடுத்தேனே! நீங்கதானே பன்னீர் பாட்டில்னு சொன்னீங்க? சோப்பு போட்டுக் கழுவினேங்க..."

மகளை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினேன். ஒன்பது வயதுப் பிள்ளை. இன்னும் விடாதது வெறும் காய்ச்சல்தானா, வேறு ஏதாவதா? காரில் அவள் கண் அசந்தபோதெல்லாம் "அனிதா!" என்று கத்தினேன். பாவம், பயந்து அழுதாள்.

"உள்ளே என்ன விஷம் இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். பாட்டிலின் வயதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம்வரை உட்கார வைத்தார்கள். பிறகு, "பயம் வேண்டாம், சாதாரணக் காய்ச்சல்தான்" என்றார் டாக்டர். மாதாவே!

அரைகுறையாகத் தெரிந்தவன் வாயில் 'சந்தேகமே இல்லை' என்பது எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது...

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜுரு வாசகியின் ஞாபகம் வந்தது. அப்போதிருந்து அழைக்கிறேன், போன் அணைந்தே கிடக்கிறது. நான் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ஒற்றை டிக். அதற்கு மேலே, அவர் கடைசியாக அனுப்பியது:

"நன்றி அண்ணே. அப்ப நல்லா கழுவி, பேரனுக்கு ஓமத்தண்ணி ஊத்தி வைக்கிறேன்."

இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பதாகச் சொன்னீர்களே... அக்கா, அதைக் கொட்டிவிடுங்கள்.