சாட்சிக்கு வராத கால்கள்

முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் நான் சாய்ந்துவிடுவேன். அதுதான் முதல் அறிகுறி. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். தண்ணீர் ஊற்றிக் கண்ணைத் திறந்ததும் சரியாகிவிடும். தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நடவு நேரத்தில் யாருக்குத்தான் தூக்கம் போதும்?

அடுத்தது செருப்பு. ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து வீடு வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வாசலில் நின்ற மாமியார் சிரித்தார். "ஏ புள்ள, கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னுகூடவா தெரியாது?" நானும் சிரித்தேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பயமாக இருந்தது.

என்னைப் போல பால், முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீகன் (விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர்) என்ற சொல்லே எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் விட்டது ஒரு தவக்காலத்தில். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அந்த நாட்களில் கறியை விடுவார்கள். நான் பாலையும் சேர்த்து விட்டேன். ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளந்து வாங்குவது என் வேலை. எங்கள் பசு ஈன்ற காளைக்கன்றைத் தரகர் வண்டியில் ஏற்றிப் போனார். பசு தொண்டை கட்டும்வரை கத்தியது. மறுநாள் அதன் பாலையும் நானேதான் அளந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாய் பால் எனக்கு இறங்கவில்லை.

ஈஸ்டர் அன்று வீட்டில் கறிக்குழம்பு கொதிக்க, நான் வாழைப்பூப் பொரியலோடு உட்கார்ந்தேன். "தவக்காலம் முடிஞ்சிடுச்சு தாயே" என்றார் மாமியார். எனக்கு முடியவில்லை. அப்படியே வருடங்கள் ஓடின. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. பி12 (நரம்புக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய ஒரு சத்து) செடிகொடிகளில் கிடையாது என்று ஒருமுறை காதில் விழுந்தது. கைபேசியில் தேடினேன். பழைய சோற்றில் அது கொட்டிக் கிடக்கிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? காலையில் பழைய சோறு, நீராகாரம், சின்ன வெங்காயம். கேட்டவர்களுக்கெல்லாம் பாடமும் எடுத்தேன்.

கால் மரத்தபோது பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனேன். இரத்தசோகை என்று இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் (கீரையில் இருக்கும் சத்து) சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். கீரையும் கட்டுக் கட்டாகத் தின்றேன். ஹீமோகுளோபின் (இரத்தத்தின் சிவப்பு நிறமி) ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். கால் மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. வரப்பில் நடக்கக் குனிந்து காலைப் பார்த்தால்தான் முடிந்தது. நிமிர்ந்தால் வயலுக்குள் விழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வயல்களை எரிவாயுக் கிணறு தோண்டுவதற்காக அளக்க வந்தார்கள். பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அது வந்த பிறகு எங்கள் அடிபம்புத் தண்ணீரில் வாடை அடித்தது. ஆட்சிகள் மாறின, கொடிக்கம்பத்தில் கொடி மாறியது, அளக்க வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். என் கணவர் அந்தோணி போராட்டக் குழுவில் முன்னால் நின்றவர். என் கால் விஷயம் குழுவுக்குத் தெரிந்ததும் முடிவாகிவிட்டது: அந்தத் தண்ணீர் குடித்துத்தான் அமலாவுக்குக் கால் போனது. அடுத்த கூட்டத்தில் என்னை மேடையில் உட்காரவைப்பதாகச் சொன்னார்கள். நானும் சம்மதித்தேன். அப்போது நானும் அதை நம்பினேன்.

கூட்டத்துக்கு முன் தஞ்சாவூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா இரண்டு முனை கொண்ட ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே என் கணுக்காலில் வைத்தார். "அதிருதாம்மா?" எனக்கு வெறும் இரும்புதான் தெரிந்தது. முழங்காலில் வைத்தபோது லேசாக ஏதோ ஓடியது. காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், அவர் மேலேயே சாய்ந்தேன்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்றார்.

"தண்ணிதான் டாக்டர் காரணம்" என்று அந்தோணி இடையில் புகுந்தார். "எங்க ஊர்த் தண்ணி கெட்டுப்போச்சு."

"நான் சாப்பாட்டத்தான் கேட்டேன்."

சொன்னேன். பழைய சோற்றைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. இரத்தப் பரிசோதனையும், எம்.ஆர்.ஐ (காந்தத்தால் எடுக்கும் உட்படம்) படமும் எடுக்கச் சொன்னார். பி12 அதலபாதாளத்தில் இருந்தது. தண்டுவடத்தின் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) பின்பக்கம் பழுதாகியிருந்தது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் பாதை அது.

"பழைய சோறு நல்ல சாப்பாடுதான். ஆனா இதுக்கு அத நம்ப முடியாது. ஃபோலிக் மாத்திரை ரத்தத்தச் சரி பண்ணிடுச்சு. அதனால நரம்பு கெடுறது வெளிய தெரியல."

"திரும்பி வருமா டாக்டர்?"

"ஊசி போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"தண்ணின்னு எழுதித் தர முடியாதா?" என்றார் அந்தோணி. அவர் குரல் கெஞ்சியது. எனக்கு அவமானமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒங்க வீட்டுல எல்லாரும் அதே தண்ணிதான குடிக்கிறீங்க? வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

யாருக்கும் இல்லை. என் மாமியார் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு நாற்றுக்கட்டு சுமக்கிறார்.

பேருந்தில் அந்தோணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கும்போது சொன்னார். "கூட்டம் முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நாளைக்குக் கெணறு தோண்டுறவங்க ஆளு என் ரத்தத்தப் பாக்கணும்னு வந்தா? மொத்தப் போராட்டமும் பொய்னு ஆயிடுங்க."

"ஒரு முட்டையத் தின்னுத் தொலைச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

வீட்டில் மாமியார் டம்ளரில் பாலோடு நின்றார். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். குடி." நான் வாங்கவில்லை. பால் குடித்தே ஆக வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் வந்திருந்தேன். மாடுகூட பி12-ஐத் தானாகச் செய்வதில்லையாம்; அதன் வயிற்றிலுள்ள கிருமிகள் செய்கின்றன. மாத்திரையும் ஊசியும் அதே போன்ற கிருமிகளிடமிருந்துதான் வருகின்றன. "முட்டை, பால் வேணாம்னா வேணாம். ஆனா இத ஆயுசுக்கும் விடக்கூடாது" என்றார். விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கூட்டத்தில் என்னைக் கைத்தாங்கலாக மேடை ஏற்றினார்கள். மைக்கைப் பிடித்தேன். "என் கால் தண்ணியால போகல. நான் சாப்பிட்ட சாப்பாட்டுல ஒரு சத்து இல்லாமப் போச்சு. தண்ணி கெட்டிருக்கு, அது தனி வழக்கு. அதுக்கு என் கால சாட்சிக்குக் கூப்பிடாதீங்க" என்றேன். அந்தோணி மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் தெரு ராணி எழுந்தாள். குத்தகை நிலத்தில் பிழைப்பவள். கிணறு வந்தால் அவளுக்கு இழப்பீடுகூடக் கிடையாது. "ஒன் வீம்புக்கு நீ பால விட்ட. எங்க சோத்துல ஏண்டி மண்ணள்ளிப் போடுற?" என்று கத்தினாள். இன்றைக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

ஊசி முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. வீட்டில் பேச்சு குறைந்துபோனது. தட்டை மாற்றினேன். அதுவரை என் தட்டில் சோறு ஒரு மலை, பக்கத்தில் கொஞ்சம் கறிகாய். அதற்குப் பெயர் வைராக்கியம் என்று நினைத்திருந்தேன். இப்போது சோற்றைக் குறைத்துப் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் அந்த இடத்துக்கு வந்தன. உளுந்தும் எள்ளும் கேழ்வரகும் முறை வைத்து வருகின்றன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால்தான் அதன் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் வீண். பழைய சோற்றை விடவில்லை. அது பி12 தரும் என்று அதன் மேல் பாரம் ஏற்றுவதைத்தான் விட்டேன்.

முதலில் திரும்பி வந்தது வலி. பாதம் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அழுதேன். மாமியார் பதறி ஓடி வந்தார். "எரியுது அத்தை, எரியுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை விசிறிவிட்டார். பாலைப் பற்றி அதன் பிறகு பேசவே இல்லை.

கதிர் வரும் சமயத்தில் மறுபடி அளக்க வந்தார்கள், இம்முறை காவலர்களோடு. பெண்கள் வரப்பில் போய் உட்கார்ந்தார்கள். "நீ வராத, கால் சரியில்ல" என்றார் அந்தோணி. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் அக்கறையாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. போனேன். குனிந்து காலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தேன். உட்கார இடம் இருந்தது ராணிக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

வெயில் ஏறியதும் ஒரு பெண் காவலர் என் முன்னால் வந்து நின்றார். "எந்திரிங்கம்மா."

"எனக்கு எந்திரிக்க நேரமாகும்மா. ஒக்காந்ததுல கால் மரத்துடுச்சு."

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சேற்றோடு என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உணர்வு இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரலை அழுத்தினாள்.

"இது?"

"வந்திடுச்சு."

"இது?"

"லேசா."

"இது?"

இப்போதெல்லாம் காலில் தொட்டது எனக்குத் தெரியக் கொஞ்சம் தாமதமாகிறது. சில சமயம் தெரியாமலே போகிறது. எதுவானாலும் காத்திருந்துதான் சொல்ல முடியும். முன்பெல்லாம் எதற்கும் இப்படிக் காத்திருந்ததில்லை. ராணி விரலை விடவில்லை. கால் சொல்லும்வரை நானும் காத்திருந்தேன். அளக்க வந்தவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.