நாற்பத்தைந்து மீட்டருக்குள் ஒரு காலனி

மே ஒன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு விருதுநகர் பேருந்து நிலையத்தில் சிவகாசி வண்டி ஏறினேன். கட்டணம் முப்பது ரூபாய். நான் துறையூரில் ஒரு பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். மதுரையில் ஒரு பயிற்சியில் பழக்கமான செல்வராணி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதே வேலை பார்க்கிறாள். "எங்க ஊர் கிராம சபைக்கு வாங்கக்கா. நாங்க ஜெயிக்கிறத நீங்க பாக்கணும்" என்று கூப்பிட்டிருந்தாள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு அவளே கேட்டுக்கொண்டாள்.

சிவகாசியில் நகரப் பேருந்துக்கு மாறினேன். அதில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பதினான்கு கிலோமீட்டரும் கருவேல முள், உழுதுபோட்ட கரிசல், நடுநடுவே தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசுக் கம்பெனி அறைகள். தொழிலாளர் தினம் என்பதால் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"எங்கன போறீக?" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. சொன்னேன். "லீவு நாள்ல காலை நீட்டிப் படுக்காம மீட்டிங்குக்கா வந்தீக?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டரைக்கு இறங்கினேன். ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் காத்திருந்த செல்வராணி, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். ஊர் ஒரு கிலோமீட்டர். அதற்குள் முழு விவரத்தையும் சொல்லிவிட்டாள்.

ஊரில் பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கும் ஒரு காலனி உண்டு. வீட்டுமனைப் பட்டா வாங்கி அவர்களே கட்டிக்கொண்டது. அதன் ஓரத்தில் இருக்கும் கம்பெனி, வேலியை ஒட்டி வெடிமருந்து கலக்க ஒரு புது ஷெட் கட்டத் தொடங்கியது. அந்த ஷெட்டுக்கும் வீடுகளுக்கும் இடையே நாற்பத்தைந்து மீட்டர் வேண்டும் என்று கம்பெனியின் வரைபடத்திலேயே இருக்கிறதாம். அளந்து பார்க்கச் சொல்லி அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். முதல் கையெழுத்து மாரியம்மாள். ஷெட்டுக்கு ஆகப் பக்கத்திலிருக்கும் கடைசி வீடு அவளுடையது. போன வாரம் சர்வேயர் வந்து அளந்துவிட்டார். இன்று அறிக்கையை வாசிப்பார்கள்.

மாரியம்மாள் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வாசலில் நின்றால் பாதி எழும்பிய சுவர் தெரிந்தது.

"நான் வேலை பாக்குற கம்பெனிதான்க்கா" என்றாள் மாரியம்மாள். "பகலெல்லாம் மருந்துக்குள்ளதான் இருக்கேன். படுக்கிற எடத்துலயும் அது தலைமாட்டுல கெடக்கணுமா?"

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பந்தலில் சபை கூடியது. குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து, ஊராட்சி செயலர் அறிக்கையை எடுத்தார். ஷெட்டிலிருந்து கடைசி வீட்டுக்கு முப்பத்தொரு மீட்டர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. செல்வராணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

செயலர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். காலனி வருவதற்கு முன்பே, நிலம் வெறுங்காடாக இருந்தபோதே, கம்பெனிக்காரர்கள் அந்த ஷெட்டுக்கு வரைபடத்தில் இடம் குறித்து அனுமதி வாங்கியிருக்கிறார்கள். கட்டத்தான் இப்போது வந்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து மீட்டருக்குள் வரும் நான்கு வீடுகளோ ஊராட்சியில் வரைபட அனுமதி பெறாமல் கட்டியவை. அந்த நால்வரிடமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்படும்.

மாரியம்மாள் மெதுவாக எழுந்தாள். "நான் அந்த ஷெட்டத்தான நகத்தச் சொன்னேன்? என் வீட்ட நகத்தவா சொன்னேன்?"

ஊராட்சித் தலைவர் நல்ல மனிதர், கரிசல் விவசாயி. தலையைக் குனிந்துகொண்டு, "அளக்காமலே இருந்திருக்கலாம் தாயி" என்றார்.

செல்வராணி விடவில்லை. அனுமதியை மறுபரிசீலனை செய்யும்வரை ஷெட் வேலையை நிறுத்த வேண்டும், பட்டா கொடுத்த வீடுகளைத் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதச் சொன்னாள். தலைவர் கைதூக்கச் சொன்னார். நிறையக் கைகள் எழுந்தன. பந்தலுக்கு வெளியே நின்ற கம்பெனி போர்மேன் போனை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கினார். கைகள் ஒன்றொன்றாக இறங்கின. மிஞ்சியவை பத்தொன்பது. எதிர்த்துக் கை தூக்க யாரும் இல்லாததால் தீர்மானம் நிறைவேறியது. மாரியம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது செல்வராணி கூடவே நடந்து வந்தாள். விலக்கில் பேருந்து தெரிந்த பிறகுதான், "கையெழுத்து கேட்டு மொதல்ல அவ வீட்டுக்குத்தான்க்கா போனேன்" என்றாள். பகல் மூன்று மணி வெயிலில் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனில் பேசினாள். நான்கு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. ஷெட்டுக்குக் கூரை போட்டாயிற்று. தீர்மானத்துக்குப் பதில் இல்லை. மாரியம்மாள் வேலைக்குப் போகிறாள். செல்வராணியைத் தெருவில் பார்த்தால் பேசுவதும் உண்டு, பேசாமல் போவதும் உண்டு.

அதே வாரம் துறையூரில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு மனுவோடு வந்தார்கள். முக்கில் எழும்பும் கல்யாண மண்டபம் சாக்கடை வாய்க்காலை அடைத்துக்கொண்டு வருகிறது, அளந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். நியாயமான மனு. பேனாவை வாங்கினேன்.

"நம்ம வீட்டுக்கெல்லாம் பிளான் அப்ரூவல் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை.