வெள்ளையம்மாவின் எல்லை

நம்பாதவர்கள் மலேசியாவில் லாபிஸ் பக்கம் போய் விசாரிக்கலாம். இது நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

லோகேஸ்வரன் அங்கே ஓர் எஸ்டேட் கோயிலின் தலைவர். அன்று மாலை, கோயிலில் மதுரையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரளயத்தில் ஊர் அழிந்தது. பழைய எல்லை எதுவென்று பாண்டியனுக்குத் தெரியவில்லை. சிவன் தன் கையில் கிடந்த பாம்பை அனுப்பினார். அது ஊரையே சுற்றி வளைத்து, வாலை வாயில் கவ்விக் காட்டியது. மதுரைக்கு ஆலவாய் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

“மதுரைக்கு எல்லை காட்டினது பாம்பு. நம்ம கோயிலுக்கு நான்,” என்று சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, போன வாரம்தான் அவர் கோயிலின் எல்லைக் கல்லைப் பெயர்த்து ஆற்றில் போட்டிருந்தார். அது வெள்ளையம்மாவின் சமாதிக் கல். வெள்ளைக்காரன் காலத்தில் கோயிலை இடிக்க வந்தவர்களை மறித்து, அதே இடத்தில் அடிபட்டுச் செத்தவள் அவள்.

“அவங்க சும்மா விடமாட்டாங்க,” என்றாள் மனைவி பிரேமலா.

“செத்தவளுக்கு எதுக்கு லா இடம்?”

பிரேமலாவும் மற்றவர்களும் கிளம்பிய பிறகு, கடைசியாக லோகேஸ்வரன் காரை எடுத்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. லேசான தூறல். இருபுறமும் செம்பனைத் தோட்டம். சிறிது தூரத்தில் பெரிய சாலை வந்துவிடும்.

வரவில்லை.

கோயில் கோபுரம்தான் வந்தது.

வழி தவறிவிட்டோம் என்று நினைத்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி கோபுரம். வேகம் கூட்டினார்... மறுபடி.

கைப்பேசி அடித்தது. பிரேமலா.

“எங்க இருக்கீங்க?”

“ரோட்டுக்கு வந்துகிட்டே இருக்கேன்... ரோடு வரல.”

வெளியே ஒரு சத்தம். சர்ர்ர்... கல்லை இழுப்பது போல.

முன்னால்... பக்கத்தில்... பின்னால்.

பிறகு, காதருகே ஒரு பெண் குரல்.

“இப்ப சொல்லுடா. எல்ல எங்க?”

பிரேமலாவும் அவள் அண்ணன் கமலநாதனும் தேடி வந்தபோது, லோகேஸ்வரன் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் இதையெல்லாம் ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பின் வாய் திறக்கவில்லை.

காரின் முன்கேமராவில் பதிவானதைக் கமலநாதன்தான் போட்டுப் பார்த்தார்.

கார் நகரவே இல்லை. கோயில் வாசலிலேயே நின்றிருந்தது. ஈரச் சேலையோடு ஒருத்தி, கனமான எதையோ இழுத்தபடி, காருக்கு முன்னால் இடமிருந்து வலமாகக் கடந்து போகிறாள். மறுபடி வருகிறாள். மறுபடி. ஒவ்வொரு சுற்றிலும் காருக்கு இன்னும் கிட்டே...

கடைசிச் சுற்றில் இடப்பக்கம் வந்தவள், வலப்பக்கம் போகவில்லை.

கதவு திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.