நரசிம்மனின் கேன்ட்ரி

பிள்ளைப்பாக்கம் நரசிம்மனும் நானும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறோம். ஷிஃப்ட் வேலையிலிருந்து தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, சொந்தமாக ஒரு சிஎன்சி ரூட்டர். முழு பிளைவுட் பலகையை அப்படியே கிடத்திவிட்டால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி கதவுக்குப் பூ வேலை செதுக்கும் மெஷின். படப்பைப் பக்கம் வீடுகள் முளைக்கிற வேகத்துக்குக் கதவு வேலைக்குப் பஞ்சமே வராது என்பார்.

அந்த மெஷினின் உயிரே கேன்ட்ரிதான். பலகைக்கு மேலே குறுக்காக நின்று, வெட்டும் மோட்டாரைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் போகிற உத்தரம். அது துளி வளைந்தாலும் பூ கோணிவிடும். முதலில் ஒற்றைச் சதுரக் குழாயில் செய்தார். கையால் தள்ளியதற்கே முறுக்கிக்கொண்டது. மனிதர் அசரவில்லை. இரண்டு குழாய்களை மேலும் கீழுமாக வைத்து, முன்னும் பின்னும் தகடு மூடி, உள்ளே குறுக்குத் தடுப்புகள் கொடுத்துப் பெட்டியாக்கினார். கடைசியாக, மோட்டார் நகரும் ரெயில் உட்காரும் முகத்தை மில்லிங் மெஷினில் சீவிச் சமமாக்கினார்.

"இனிமே இதுல நெருப்பே படக்கூடாதுடா. சூடு பட்டா கோணிக்கும், அவ்ளோதான்" என்று ஸ்ரீதரிடம் சொன்னார். ஸ்ரீதர் அவர் மனைவி காவேரியின் தம்பி. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் கூடவே நின்று வெல்டிங் அடித்தவன். அந்த மெஷினில் அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

கிருத்திகையன்று என்னையும் இழுத்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போனார். திரும்பி வந்தால் அவர் வீட்டில் மெஷின் செய்கிற ஷெட் காலி. மாடியில் இரண்டு தூணுக்கு நடுவே கேன்ட்ரியைப் பற்றவைத்திருந்தார்கள். மேலே புதுத் தண்ணீர்த் தொட்டி.

"வாடகைப் பசங்க தண்ணி வரலன்னு காலி பண்றேன்றாங்க. நீங்க இருந்தா உட்டிருப்பீங்களா?" என்றாள் காவேரி.

ஆக, நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அறுத்து எடுத்தாலும் இனி அது கோணல்தான்.

நரசிம்மன் மயிரிழை வளைவைக்கூட முள்ளில் காட்டும் டயல் கேஜை உத்தரத்துக்கு அடியில் பொருத்திவிட்டு தண்ணீர் மோட்டாரைப் போடச் சொன்னார். தொட்டி நிரம்பி வழிந்தபோது முள் நாலு கோடுதான் நகர்ந்திருந்தது. ஒரு தாளின் கனம்கூட இல்லை.

"பாத்தீங்களா மாமா, இன்னா ஸ்ட்ராங்கு!" என்று ஸ்ரீதர் பல்லைக் காட்டினான்.

"உன்கிட்டதானடா சொன்னேன், நெருப்பு படக்கூடாதுன்னு." மனைவி பக்கம் திரும்பினார். "தொட்டிக்கு பீம் வேணும்னு கேட்டிருந்தா, ஒரே நாள்ல வேற போட்டுக் குடுத்திருப்பேனே, காவேரி."

அவள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனாள்.

மூன்றாவது போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பையன்கள்கூட இப்போது தண்ணீருக்குக் குறை சொல்வதில்லை. நரசிம்மன் மட்டும் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனியிலேயே குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.