மோந்து பார்க்காத ஒரு பிடி மண்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாத வெயிலில், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் மானம் போனது அந்த டீச்சருக்குத்தான்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் பெண்ணுக்கு ஏறக்குறைய என் வயதுதான். பேட்டரி வண்டி தெருமுனையில் திரும்பும்போதே விசில் ஊதுவார். பச்சை வாளி, நீல வாளி என்று நாங்கள் ஆளுக்கு ரெண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒருநாள் என் பச்சை வாளியைக் கவிழ்த்தவர், "இம்புட்டு காய்த்தோலையும் ஏன் டீச்சர் எங்கிட்டக் கொட்டுறீங்க? ஒரு தொட்டியும் கொஞ்சம் புழுவும் இருந்தா ஒங்க மல்லியப்பூச் செடிக்கே ஒரமாயிரும்ல" என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே அவர்கள் குப்பையை உரமாக்குகிற கிடங்கிலிருந்து ஒரு பழைய டிபன் டப்பாவில் மண்புழு கொண்டுவந்துவிட்டார். மூச்சு விட மூடியில் ஆணியால் ஓட்டை வேறு போட்டிருந்தார்.

தொட்டியின் அடியில் தேங்காய் நார், அதன் மேல் காய்ந்த சாணி, அப்புறம் காய்த்தோல், மேலே ஈரச் சாக்கு. எல்லாம் அவர் சொன்னபடிதான். "உப்பு, ஒறப்பு, எண்ணெ மட்டும் காட்டிராதீங்க. அதுக ஒடம்பு தாங்காது" என்று ரெண்டு தடவை சொன்னார். எனக்கேவா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் புழு பெருகியது. தேயிலைத் தூள் போல உரம் வந்தது. நான் சும்மா இருப்பேனா? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டாஃப் ரூமில் புழுவைப் பற்றியே பேசிப் பேசி, பக்கத்து நாற்காலிக்காரர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் காபி இல்லை, தொட்டி தரிசனம்தான். அந்தப் பெண் கொடுத்த புழு என்று யாரிடமும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பங்குனி பிறந்ததும் கொல்லையில் வெயில் தாளவில்லை. தொட்டியை முன்பக்கம் கொண்டுவந்து, முருங்கை நிழலில், தெருச் சுவரை ஒட்டிய மூலையில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை. இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால், ஐயோ, அத்தனையும் செத்துச் சுருண்டு கிடக்கின்றன. கொஞ்சம் புழுக்கள் தப்பிக்கப் பார்த்துத் தொட்டியின் விளிம்பு வரை ஏறி, அங்கேயே காய்ந்து ஒட்டியிருந்தன. சாக்கின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதே நேரம் தெருவில் விசில் சத்தம். திங்கட்கிழமைகளில் சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். எட்டிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கையில் பவுடர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். போதாதா எனக்கு?

அதுவரை வாங்க, போங்க என்று பேசிய வாய் அன்று நீ, வா, போ என்று இறங்கிவிட்டது. பவுடரைப் பார்த்துப் போடத் தெரியாதா, சுவரைத் தாண்டியா வீசுவாய் என்று கத்தினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாளியோடு வேடிக்கை பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போனது. "நான் போடல டீச்சர், சத்தியமாப் போடல" என்றவர், கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என்னிடம் நீட்டினார். "பிளீச்சிங்கா இருந்தா நெடி மூக்கத் துளைக்குமே. மோந்து பாருங்க டீச்சர்."

நான் பார்க்கவில்லை. எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "ஒங்களுக்கெல்லாம் இதோட அருமை என்ன தெரியும்" என்றும் சொன்னேன். புழுவைத் தன் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவரிடம்! அவர் அந்தப் பிடி மண்ணைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே போனார். கோபம் அடங்காமல் அவருடைய சூப்பர்வைசருக்கும் போன் செய்தேன்.

இரண்டாம் நாளே விசில் ஊத வேறு ஆள் வந்தார். விசாரித்தால், பழைய ஆளை மீன் மார்க்கெட் பக்கம் மாற்றிவிட்டார்களாம். இன்னொரு புகார் வந்தால் வேலையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்களாம். அவர் வீடு எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு வேலைக்கு நடுவில் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். மார்க்கெட்டிலிருந்து அதெல்லாம் நடக்குமா? இதைக் கேட்டபோது மனசு லேசாகச் சுருக்கென்றது. தப்புச் செய்தால் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொட்டியைக் கழுவி, அதே மூலையில் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருச்சியில் காலேஜ் படிக்கும் என் மகள் சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்புவாள். கிளம்பும்போது கல் உப்பை எடுத்து அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவேன். அறிவியல் டீச்சர் திருஷ்டி சுற்றலாமா என்று கேட்காதீர்கள், பிள்ளை விஷயத்தில் நானும் ஒரு அம்மாதான். சுற்றிய உப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சின்ன வீட்டில் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? அவள் காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த முருங்கை மூலைதான்.

அன்றும் பழக்கத்தில் கால் அங்கேதான் போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொம்பைச் சரித்தேன். கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் தண்ணீரும் கரையாத உப்பும் சடசடவென்று விழுந்தன. அதற்கு முந்தைய ரெண்டு ஞாயிறும் ஈரச் சாக்கு அந்தச் சத்தத்தை விழுங்கியிருக்கிறது.

முறையாவது ஒன்றாவது, திரும்பிப் பார்த்தேன். நீலத் தொட்டியின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு கிடந்தது. அன்று சாக்கின் மேல் பூத்திருந்த அதே வெள்ளை.

பையோடு கேட்டில் நின்ற மகளும் பார்த்துவிட்டாள். "அம்மா, அப்ப நீதானா?" என்றாள். அப்புறம், "உப்புத் தண்ணியில உருளைக்கிழங்கைப் போட்டு சுருங்குதா பாருங்கன்னு நீதானம்மா கிளாஸ்ல சொல்லிக் குடுப்ப" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"விடு, யாருக்குத் தெரியப் போகுது? இப்பப் போயிச் சொன்னா நமக்குத்தான் அசிங்கம்" என்றார் என் கணவர். பொய் சொல்லமாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பேச்சு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. விடிந்ததும் அந்த மாமியார் ஞாபகம் வந்தது. சூப்பர்வைசருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையதுதான், அவரைத் திரும்ப இங்கேயே அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கென்ன டீச்சர், அங்கயும் ஆள் வேணும்ல" என்று வைத்துவிட்டார். அன்றைக்குப் புகார் சொன்னபோது எவ்வளவு அக்கறையாகக் கேட்டார் தெரியுமா!

பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் செதில் குவியலை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், இன்னும் என்ன புகாரோ என்று பயந்து நிமிர்ந்தார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லி, தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் அழவுமில்லை, திட்டவுமில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நான்தான் அன்னைக்கே மோந்து பாக்கச் சொன்னேன்ல டீச்சர்" என்றார். அப்புறம் சொன்னார்: "தெருவுல வச்சு ஏசுனீங்க. இங்கிட்டு வந்து, எனக்கு மட்டும் கேக்குறாப்ல மன்னிப்புக் கேக்குறீங்க. அங்கன உள்ளவுக என்னையத்தான இன்னும் நெனச்சுக்கிட்டு இருப்பாக?"



நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர்கள் ஆபீசில் நேரில் கொடுத்தேன். மூன்று தடவை அலைந்தேன். ஒரு மாதம் கழித்துத் தெருமுனையில் பழைய விசில் கேட்டது. வாளிகளோடு எல்லாரும் கூடியிருக்கும்போது, புழுவைக் கொன்றது என் உப்புத் தண்ணீர்தான், இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று உரக்கச் சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அன்று நடுங்கியது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். அவர் என் பச்சை வாளியை வாங்கிக் கவிழ்த்தார்.

அதற்கப்புறம் வெகுநாள் எங்களுக்குள் வாளி கொடுத்து வாங்கும் பேச்சு மட்டும்தான். புழு வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆடி மாதம் ஒருநாள் அவராகவே, "தொட்டிய நெரப்பி வையிங்க டீச்சர், நாளைக்குக் கொண்டாரேன்" என்றார். மறுநாள் அதே ஓட்டை போட்ட டிபன் டப்பா. புழுவை விடுவதற்கு முன் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினார். நானும் குனிந்து மோந்து பார்த்தேன்.

மகளுக்கு இப்போதும் ஞாயிறுதோறும் உப்புச் சுற்றுகிறேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. ஆனால் அன்றைக்கு என் கண் முதலில் யார் மேல் போனது, ஏன் அவர் மேல் மட்டும் போனது என்ற கேள்வியும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் முறை தப்பினாலும் பரவாயில்லை என்று, தண்ணீர் ஊற்றிய இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறேன்.