மெமரி கார்டில் இருந்த முகம்

மூன்று வருடத்துக்கு முன்னால், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆடி மாதம். எங்கள் ஆய்வகத்தின் ஜன்னல் கதவுகளைக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தயாராகிக்கொண்டிருந்தோம். ரோபோ என்று நாங்கள் சொன்னதே இல்லை, எங்களுக்கு அது 'வண்டி'. போட்டியில் அது யாருடைய உதவியும் இல்லாமல் தரையில் கிடக்கும் சிவப்புப் பந்துகளைத் தேடிப் போய் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அதற்குக் கண் வேண்டுமே, அந்தக் கண்ணான கேமரா என் பொறுப்பு. சுவிட்சைப் போட்டதுமே நொடிக்கு ஒரு படம் எடுத்து, வண்டிக்குள் இருக்கும் மெமரி கார்டில் சேமித்துக்கொண்டே போகும்படி நான்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். வெயிலில் கிடக்கும் பந்து, டியூப்லைட்டுக்குக் கீழே பந்து, பாதி மறைந்த பந்து என்று ஆயிரக்கணக்கில் படங்கள். எவ்வளவு படம் சேர்கிறதோ அவ்வளவு சரியாக வண்டி சிவப்பை அடையாளம் காணும். மற்ற மூவரும் அடிக்கடி என்னிடம் சந்தேகம் கேட்டு நிற்பார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்று காலையில்தான் பார்ப்பதையும் ஓடுவதையும் முதன்முதலாக ஒன்றாகச் சேர்த்திருந்தோம். சிவப்பைக் கண்டால் அதை நோக்கிப் போ. அவ்வளவுதான் அது படித்திருந்த பாடம். மதியம் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா தரையைத் துடைத்துவிட்டு, காய்கிற வரைக்கும் எதையும் கீழே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராந்தாவைத் துடைக்கப் போனார். வண்டியை மேஜை மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து, போட்டிக்குப் போக அனுமதிக் கடிதம் தருவதற்காகத் துறைத்தலைவர் எங்கள் நால்வரையும் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போகிற அவசரத்தில் தோளில் கிடந்த பையை எதிரில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடினேன். சுவிட்சை அணைக்கவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த அக்கா வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தை எடுக்கும் அதன் கை ஒடிந்து தொங்கியது. கேமரா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.

"கீழ கெடந்துது மக்கா. இப்பத்தான் பாத்து எடுத்தேன். நான் ஒண்ணும் செய்யல்ல" என்றார்.

"பின்ன, அது தானா நடந்து போயி விழுந்துச்சாக்கும்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அப்போது எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். அவரோடு வேலை பார்க்கும் மற்ற பெண்களும் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். படித்துப் படித்துச் சொன்னாலும் உங்களுக்கெல்லாம் இதன் மதிப்பு தெரியாது என்று அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் வண்டியை மேஜையில் வைத்தார், அதுவும் விழுந்துவிடாதபடி சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு நிமிடம் என்னவோ போல இருந்தது. பிறகு வேலை மும்முரத்தில் மறந்துபோனேன்.

விழுந்ததில் மெமரி கார்டும் கெட்டிருக்கும் என்று பயந்து அதைக் கழற்றி என் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு, வண்டிக்குப் புதுக் கார்டு போட்டோம். ஒடிந்த கைக்குப் பதில் வேறு கை செய்தோம். போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினோம். நாங்கள் நான்கு பேரும் எங்கள் கால் தரையில் படாமல் திரிந்த நாட்கள் அவை.

பரிசு வாங்கிய பிறகு கல்லூரிக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஆரம்ப நாள் படங்கள் நான்கைந்து கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று பழைய கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கெடவில்லை. எல்லாப் படங்களும் வரிசையாக இருந்தன. கடைசிப் படங்கள் வண்டி விழுந்த அந்த மதியத்துடையவை.

முதலில் ஆளில்லாத ஆய்வகம். எதிரில் ஸ்டூல், அதன்மேல் என் பை. அது ஜவுளிக்கடையில் கொடுத்த சிவப்புக் கட்டைப்பை. அடுத்த படத்தில் பை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிது. 'நன்றி, மீண்டும் வருக' என்று பையில் இருந்த எழுத்தை வாசிக்க முடிந்தது. அப்புறம் ஒரு படத்தில் மின்விசிறி தலைகீழாக இருந்தது. அப்புறம் ஈரத் தரை, எண்ணூறு படத்துக்கு மேல் அதே தரை. பிறகு வேகமாக ஓடி வரும் இரண்டு கால்கள். கடைசியில் அந்த அக்காவின் முகம், கேமராவுக்கு வெகு பக்கத்தில். குழந்தை விழுந்தால் எங்கே அடிபட்டது என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் கோபத்தோடு கதவில் நிற்கும் நான்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் ஆமாம் என்பதுதான். அது தானாகத்தான் போய் விழுந்தது. போகச் சொன்னது நான், போக வேண்டிய இடத்தில் சிவப்புப் பையை வைத்ததும் நான். படத்தைச் சேமிக்கச் சொல்லி எழுதியவளும் நான்தான், ஆனாலும் ஆளைத் திட்டுவதற்கு முன் அதை ஒரு தரம் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

உடனே ஓடிப் போய் எல்லோரிடமும் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் விலாசம் கேட்டு, தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் இப்போது முந்திரி ஆலைக்குப் போகிறாராம். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. உட்காரச் சொல்லிப் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தார். நான் போனில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தன் முகம் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். எதையோ திருடித்தான் கல்லூரியில் விரட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம், மகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து அழுதாளாம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இத எல்லாருக்க முன்னயும் காட்டுவியா மக்கா? அண்ணைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டுல்லா நின்னாவ."

காட்டுகிறேன் என்றேன். சத்தியமாகக் காட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த வாரமே அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. கருத்தரங்க அறையில் எங்களுக்குப் பாராட்டு விழா. அதே ஆசிரியர்கள், அதே பிள்ளைகள், பின்வாசலில் அதே துப்புரவுப் பெண்கள். எங்கள் வண்டியைப் பற்றித் திரையில் படம் போட்டுப் பேச வேண்டியது நான். கடைசியில் காட்டுவதற்காக அந்தப் படங்களில் முக்கியமான ஐந்தையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் துறைத்தலைவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் என் அப்பா, அம்மா. அந்தப் படங்களுக்குப் போகாமலே, எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். கை தட்டினார்கள்.

மறுநாள் துறைத்தலைவரின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் நல்லவர். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அந்த அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னார், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. சூப்பர்வைசர் போன் செய்தபோது அந்த அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், அந்தப் பிள்ளை படத்தை எல்லோருக்கும் காட்டியதா என்று. இல்லை என்று தெரிந்ததும் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

இன்றைக்கு நான் கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில்தான் சம்பாதிக்கிறேன். ஏதாவது பழுதாகிவிட்டால் யாரையும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் சேமித்த படங்களைத் திறந்து பார்க்கிறேன். ஆபீஸில் எனக்கு நிதானமான ஆள் என்று பெயர். அந்தப் பெயரை யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துபோகிறது.

எல்லாருக்க முன்னயும் என்றுதான் அவர் கேட்டார். இத்தனை பேர் வாசிக்கும் இடத்தில் எழுதிவிட்டால் கேட்டதைச் செய்ததாக ஆகிவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதி முடித்துப் பார்த்தால் இதிலும் என் பெயரைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை, அவர் கேட்டது இன்னும் அப்படியேதான் நிற்கிறது.