எலுமிச்சைச் சாறு பச்சையாக இருக்குமா?

மூன்று மணிக்குள் நான் சூளகிரி வீட்டில் இருந்தாக வேண்டும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காரோ மூக்கண்டப்பள்ளி ஷெட்டில், புது டர்போவுக்குக் கூலண்ட் குழாய் மாட்டாமல் நிற்கிறது.

மெக்கானிக் சலீம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் ராக்கெட்டுக்கே போல்ட் முறுக்கியவன் நான்! குழாய்களை நானே மாட்டி, சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்ட்டையும் ஊற்றிவிட்டேன்.

பாய் திரும்பியபோது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நிறுத்துங்க! அடியில ஒழுகுது."

"எலுமிச்சைச் சாறு, பாய்."

"பச்சையாவா? குழாய் ஒழுகாம இருக்க நான் குடுத்த புது செம்பு வாஷர் ரெண்டும் எங்கண்ணா?"

சட்டைப்பையில் கைவிட்டேன். குங்குமப் பொட்டலத்தோடு பத்திரமாக இருந்தன.

"இப்படியே போயிருந்தா நடுரோட்டுல இன்ஜின் வெந்திருக்கும்."

பாய் எல்லாவற்றையும் கழற்றி, வாஷர் போட்டு மாட்டினார். மூன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"டர்போவை நானே மாத்திட்டு வர்றேன் தம்பி" என்றேன் மாப்பிள்ளையிடம்.

"செம்பு வாஷர் புதுசு போட்டீங்களா, மாமா?"

மாமா என்றே சொல்லிவிட்டார்!

"போடாம இருப்பேனா?" என்றேன்.

மாப்பிள்ளை இன்னும் என் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலில் இல்லை. தயவுசெய்து யாரும் இந்தப் பதிவில் அவரை டேக் செய்யாதீர்கள். சலீம் பாய், முக்கியமாக நீங்கள்.